மூக்கில் கிருமி இருந்தும் மருந்து தராதது ஏன்?

கேள்வி: 2019-ஆம் ஆண்டு என் மகனுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த குழுவினர் எங்கள் ஊரில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூக்கினுள் குச்சி விட்டு மாதிரி எடுத்துச் சென்றார்கள். இரண்டு மாதம் கழித்து வந்த சீட்டில் ‘நிமோகாக்கஸ் உள்ளது’ என்று எழுதியிருந்தது. கேட்டதற்கு, ‘ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்று சொல்லி, மருந்து எதுவும் தராமல் போய்விட்டார்கள். அதே ஆண்டு கார்த்திகையில் என் மாமனார் நிமோனியா வந்து பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்து பிழைத்தார். பேரனிடமிருந்துதான் தொற்றியது என்று என் மாமியார் இன்றும் சொல்லிக் காட்டுகிறார். 2022-இல் பிறந்த மகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நிமோனியா தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்று. இப்போது அதே குழுவினர் மறுபடி வந்து, மகளுக்கும் மூக்கில் மாதிரி எடுக்க வேண்டும் என்கிறார்கள். அன்று மருந்து தராமல் விட்டது தவறில்லையா? ஊசி போட்ட பிறகும் எதற்காக எடுக்க வேண்டும்? சம்மதிக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் முதல் கேள்விக்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று உங்கள் மகனுக்கு மருந்து தராதது தவறில்லை. ஏன் தரவில்லை என்பதை உங்களுக்குப் புரியும்படி உட்கார்ந்து சொல்லாமல் போனதுதான் தவறு. ஒரு குழந்தையின் பெயருக்கு நேரே கிருமியின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு ‘ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால், அந்தத் தாய் எத்தனை இரவு அதை நினைத்துப் புரண்டிருப்பாள் என்பதை எங்கள் துறையினர் பல வேளைகளில் எண்ணிப் பார்ப்பதில்லை.

நிமோகாக்கஸ் கிருமி கண்டுபிடிக்கப்பட்ட கதையிலேயே உங்கள் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. அமெரிக்க ராணுவ மருத்துவரான ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க் 1880-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் முயல்களின் தோலுக்கடியில் மனித உமிழ்நீரைச் செலுத்திப் பார்த்தபோது, முயல்கள் இரத்தத்தில் கிருமி பரவி மடிந்தன. அந்த உமிழ்நீர் எந்த நோயாளியுடையதும் அன்று, எந்த நோயும் இல்லாத அவருடையதேதான். ஏறத்தாழ அதே காலத்தில் பாரீஸில் லூயி பாஸ்டர், வெறிநாய்க்கடி நோயால் இறந்த ஒரு குழந்தையின் உமிழ்நீரிலிருந்து இதே கிருமியைத் தனியாகக் கண்டார். இருவரின் கண்டுபிடிப்பும் 1881-இல் வெளிவந்தது. நிமோனியாவுக்கு இதுதான் முதன்மையான காரணம் என்பது பிறகே உறுதியாயிற்று. நோயைத் தரும் கிருமி என்று அறியப்படுவதற்கு முன்பே, நலமாக இருப்பவரின் வாயில் குடியிருக்கும் கிருமியாக அது அறிமுகமாகிவிட்டது என்பதை உங்கள் மாமியாரிடம் அவசியம் சொல்லுங்கள்.

மூக்கின் பின்புறம் தொண்டையோடு சேரும் இடம்தான் இந்தக் கிருமியின் இயல்பான வீடு. மனிதனின் மூக்கைத் தவிர அதற்கு நிலையான வேறு இருப்பிடம் கிடையாது என்றே சொல்லலாம். குழந்தை பிறந்த சில வாரங்களில் அண்ணன், அக்கா, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று யாராவது ஒருவரின் தும்மலிலோ மூக்குச்சளி பட்ட கையிலோ ஏறி வந்து ஒட்டிக்கொள்ளும். சில வாரங்களோ சில மாதங்களோ தங்கிவிட்டு உடலின் எதிர்ப்பாற்றலால் தானாகவே விலகும். அது போன இடத்தில் அதே கிருமியின் வேறொரு வகை வந்து அமரும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், இரண்டு மாத வயதிலேயே ஏறத்தாழப் பாதிப் பேரின் மூக்கில் இக்கிருமி இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில், தடுப்பூசி வருமுன் கிராமங்களில் எடுத்த கணக்கில், ஒரு வயதுக்குட்பட்டவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் சுமந்துகொண்டிருந்தார்கள். அன்று உங்கள் ஊரில் மாதிரி எடுக்கப்பட்ட எல்லாக் குழந்தைகளின் சீட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருந்தால், உங்கள் மகனுடையது எவ்வகையிலும் தனித்துத் தெரிந்திருக்காது என்பது என் கணிப்பு.

இன்னொன்றையும் கவனியுங்கள். குச்சியில் எடுத்த மாதிரியை உடனே பரிசோதித்து மறுநாள் முடிவு சொல்வது இத்தகைய ஆய்வுகளின் நடைமுறை அன்று. கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் அனுபவித்ததுபோல், மெல்லிய வளையும் குச்சியை மூக்கின் தரையோடு ஒட்டி உள்ளே செலுத்தி, பின்சுவரைத் தொட்டதும் மெல்லச் சுழற்றி எடுப்பார்கள். அதன் நுனியை வெட்டி ஒரு சிறு குப்பியில் போடுவார்கள். அந்தக் குப்பியில் இருக்கும் நீர்மத்தில் ஆடை நீக்கிய பால் பொடியும் சர்க்கரையும் கிளிசரினும் கலந்திருக்கும். பனிக்கட்டிப் பெட்டியில் ஆய்வகம் வந்து சேரும் அக்குப்பி, சுழியத்துக்குக் கீழ் 70 பாகைக் குளிரில் உறைந்து, தன் முறை வரும்வரை காத்திருக்கும். பிறகுதான் ஆட்டு இரத்தம் கலந்த தட்டில் அதைத் தீற்றி வளர்ப்பார்கள். மறுநாள் தட்டைத் திறந்தால், சுற்றிலும் பச்சை படர, ஓரம் மேடிட்டு நடுவில் குழிந்து, சின்னச் சட்டைப் பொத்தான்களைக் கொட்டி வைத்தாற்போல் நிமோகாக்கஸ் முளைத்திருக்கும். பயிற்சிக் காலத்தில் முதன்முதலாக அதைப் பார்த்தபோது இவ்வளவு அழகான ஒன்றா பிள்ளைகளைக் கொல்கிறது என்று தோன்றியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அது நிமோகாக்கஸ்தான் என்று உறுதி செய்த பின், நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளுள் அது எந்த வகை என்று பார்க்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட வகையோடு மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருள் கொண்ட எதிர்ச்சீரத்தைச் சேர்த்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது, உரிய வகையாக இருந்தால் கிருமியைச் சுற்றியுள்ள சர்க்கரை உறை வீங்கியதுபோல் தெளிவாகத் தெரியும். இத்தனையும் முடிந்து சீட்டு உங்கள் கைக்கு வந்த நாளில், அதில் எழுதப்பட்ட அந்தக் கிருமி உங்கள் மகனின் மூக்கைக் காலி செய்துவிட்டு எப்போதோ போயிருக்கலாம்.

அப்படியானால், இருக்கும்போதே மருந்து கொடுத்து அழித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அமாக்சிசிலின் போன்ற ஒரு மருந்தை ஒரு வாரம் கொடுத்தால் மூக்கில் கிருமி குறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளை தெருவில் இறங்கி விளையாடிய சில நாட்களிலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டுவதும், மருந்துக்குத் தப்பி எஞ்சுவதும் பெரும்பாலும் அந்த மருந்துக்குக் கட்டுப்படாத வகைகளாக இருக்கும். இது வெறும் அச்சம் அன்று. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியை மையமாகக் கொண்டு இந்தியாவின் ஆறு மருத்துவமனைகளில் 1993 முதல் 1997 வரை நடந்த கண்காணிப்பில், இரத்தத்திலும் மூளைத் தண்டுவட நீரிலும் பரவிய 314 நிமோகாக்கஸ் தொற்றுகள் பதிவாயின. அவற்றுள் பென்சிலினுக்குக் கட்டுப்படத் தயங்கியவை 1.3 விழுக்காடுதான், ஆனால் சளிக்கும் காய்ச்சலுக்கும் தாராளமாக எழுதிக் கொடுக்கப்பட்டு வந்த கோ-ட்ரைமாக்சசோலுக்குப் பாதிக்கும் மேற்பட்டவை கட்டுப்படவில்லை. ஊரிலுள்ள நலமான குழந்தைகளுக்கெல்லாம் மூக்குக் கிருமிக்காக மருந்து கொடுத்தால், உண்மையிலேயே நிமோனியா வரும் குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை நாமே கெடுத்துவிடுவோம்.

மாமனார் விஷயத்துக்கு வருகிறேன். பேரனிடமிருந்து தாத்தாவுக்குத் தொற்றியிருக்க முடியுமா என்றால், முடியும். பெரியவர்கள் இக்கிருமியைப் பெறுவது பெரும்பாலும் வீட்டுச் சிறுபிள்ளைகளிடமிருந்துதான். ஆனால் உங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. நிமோனியாவைத் தரும் கிருமிகள் பல. அவருக்கு வந்தது நிமோகாக்கஸ்தான் என்று இரத்தத்தில் வளர்த்துக் காட்டி, அதன் வகையும் பேரன் மூக்கிலிருந்த வகையும் ஒன்று என்று காட்டினால் ஒழிய, இந்தக் குற்றச்சாட்டு நிற்காது. அதற்கும் மேலாக, ஒட்டிய கிருமி நோயாக மாறுவதற்கு அது யாரிடமிருந்து வந்தது என்பதைக் காட்டிலும் அது வந்து சேர்ந்த உடலின் நிலைதான் பெரிதும் காரணமாகிறது. முதுமை, சர்க்கரை நோய், நாட்பட்ட இளைப்பு, குடி ஆகியவற்றோடு புகைபிடித்தலும் இதில் முன்வரிசையில் நிற்கிறது. மாமனாருக்குப் பீடிப் பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டு என்றால், இரண்டு வயதுப் பேரனை விசாரிப்பதற்கு முன் பீடிக்கட்டை விசாரிப்பதே முறை.

இனி, அந்த 2019-ஆம் ஆண்டுக் குச்சி எதற்காக என்பது. தமிழ்நாட்டில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் நிமோகாக்கல் தடுப்பூசி சேர்ந்தது 2021 ஜூலையில். இந்தியாவில் 2017-இல் இமாச்சலப் பிரதேசத்திலும் பீகார், உத்தரப் பிரதேசத்தின் சில மாவட்டங்களிலும் தொடங்கி, படிப்படியாக மற்ற மாநிலங்களுக்கு வந்தது. அதுவரை தனியார் மருத்துவமனையில் ஒரு தவணைக்கே சில ஆயிரம் ரூபாய் கொடுக்க முடிந்தவர்களின் பிள்ளைகளுக்குத்தான் அது கிட்டியது. ஆகவே 2019-இல் உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் மூக்கில் இருந்தது, தடுப்பூசியின் கை படாத நிலை. ஊசி வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டால் அந்த நிலையை எந்தப் பணம் கொடுத்தும் திரும்பப் பார்க்க முடியாது. அணை கட்டும் முன்பே ஆற்றின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்தால்தான், கட்டிய பின் எவ்வளவு மாறியது என்று சொல்ல முடியும்.

ஏன் நோயாளிகளை மட்டும் எண்ணாமல் மூக்கைப் பார்க்கிறார்கள் என்றால், நோய் அரிது, நோயில்லாமல் கிருமியை மூக்கில் சுமத்தல் பரவலானது. ஒரு கிராமத்தில் ஓர் ஆண்டில் நிமோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் ஒன்றுகூட வராமல் போகலாம். அதே கிராமத்தில் நூறு பிள்ளைகளுக்கு மாதிரி எடுத்தால் எந்தெந்த வகை உலவுகிறது என்ற படம் உடனே கிடைத்துவிடும். நோயாக மாறும் ஒவ்வொரு கிருமியும் முதலில் ஒரு மூக்கில் தங்கித்தான் உள்ளே போகிறது என்பதால், அந்தப் படம் மாறினால் நோயும் மாறும்.

கென்யாவின் கடலோரப் பகுதியான கிலிஃபியில் இதை முறையாகச் செய்தார்கள். அங்கே 2011-இன் தொடக்கத்தில் பத்து வகைகளுக்கான தடுப்பூசி வந்தது. வரப்போகிறது என்று தெரிந்ததும், 2009-லும் 2010-லும் எல்லா வயதினரிலும் குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்து மூக்கில் மாதிரி எடுத்து வைத்தார்கள். வந்த பின் 2011-லும் 2012-லும் அதே முறையில் எடுத்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் ஊசியில் அடங்கிய வகைகளைச் சுமந்தவர்கள் நூற்றுக்கு 34-லிருந்து 13 ஆகக் குறைந்தார்கள். ஊசி போடாத, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடமும் அது 8-லிருந்து 4 ஆகப் பாதியாயிற்று. முன்னே எடுத்து வைத்த அந்த இரண்டு ஆண்டுக் கணக்கு இல்லாமல் போயிருந்தால், பின்னே கண்ட 13-ஐயும் 4-ஐயும் வைத்துக்கொண்டு யாரும் எதுவும் சொல்லியிருக்க முடியாது. அதே கணக்கில் இன்னொரு செய்தியும் இருக்கிறது: ஊசியில் அடங்காத வகைகள் பிள்ளைகளிடம் 41-லிருந்து 57 ஆகக் கூடின. அதாவது மூக்கு காலியாகவில்லை, குடியிருப்பவர்கள் மாறினார்கள்.

‘ஊசிதான் போட்டாயிற்றே’ என்ற உங்கள் கேள்விக்கு இங்கேதான் விடை. இத்தடுப்பூசி ஏற்கெனவே ஒட்டியிருக்கும் கிருமியைத் துடைத்தெடுப்பதில்லை. தான் குறிவைத்த வகைகள் புதிதாக ஒட்டுவதைத்தான் வெகுவாகத் தடுக்கிறது. உங்கள் மகளுக்கு ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என்று மூன்று தவணை போட்டிருப்பார்கள். அதன் பிறகும் அவள் மூக்கில் நிமோகாக்கஸ் வளர்ந்தால், ஊசி பலிக்கவில்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அது ஊசிக்கு வெளியே உள்ள, நோய் தரும் ஆற்றல் குறைந்த ஒரு வகையாக இருக்கும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். அமெரிக்காவில் 2000-இல் ஏழு வகைகளுக்கான முதல் தடுப்பூசி வந்தபோது, ஊசியே போடாத முதியவர்களிடமும் அந்த ஏழு வகைகளால் வரும் நோய் மளமளவென்று சரிந்தது. பேரப்பிள்ளைக்குப் போட்ட ஊசி தாத்தா பாட்டியைக் காத்தது. ஆனால் காலியான இடத்தில் 19ஏ என்ற ஒரு வகை தலையெடுத்து, மருந்துக்கும் அடங்காமல் தொல்லை கொடுக்க, 2010-இல் அதையும் சேர்த்துப் பதின்மூன்று வகைகளுக்கான ஊசி வர வேண்டியிருந்தது. ஊசிக்குப் பின்னும் மூக்கைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம். உங்கள் மகளிடம் குச்சி எடுக்க வருவதும் இதற்காகத்தான்.

மூக்குக் கணக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நான் வாதாட வரவில்லை. மேலே சொன்ன வேலூர்க் கண்காணிப்பில் கடும் நோய் தந்தவற்றுள் ஏறத்தாழ 29 விழுக்காடு 1, 5 என்ற இரண்டு வகைகள். இந்த இரண்டும் நலமான பிள்ளைகளின் மூக்கில் அரிதாகவே அகப்படும். வந்தால் நெடுநாள் தங்காமல் விரைவில் நோயில் போய் நிற்கும் குணம் அவற்றுக்கு. மூக்கை மட்டும் பார்த்து ஊசியில் எந்த வகைகளைச் சேர்ப்பது என்று முடிவு செய்திருந்தால் இவை விடுபட்டிருக்கும். அந்த ஏழு வகை ஊசியில் இவை இரண்டும் இல்லை. புனேயில் உருவாகி 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி பெற்ற பத்து வகை ஊசியில் இரண்டும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆகவே மருத்துவமனைக் கணக்கும் மூக்குக் கணக்கும் இரண்டும் வேண்டும்.

சம்மதிக்கலாமா என்றால், என் கருத்தில் சம்மதிக்கலாம். சில நொடி கூச்சமும் கண்ணீரும், எப்போதாவது சில துளி இரத்தமும் தவிர அதில் ஆபத்து இல்லை. மகளுக்கு நேரடிப் பயன் எதுவும் கிடைக்காது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, மறுத்தால் அவளுக்கான எந்தச் சிகிச்சையும் ஊசியும் குறையக் கூடாது. ஆனால் கையெழுத்துப் போடும் முன் இம்முறை கேட்டுவிடுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் என்ன, முடிவைச் சொல்வீர்களா, சொன்னால் யார் வந்து விளக்குவார்கள், மாதிரியை எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள், 2019-இல் எங்கள் ஊரில் எடுத்ததில் என்ன கண்டீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர்கள் ஊர்க்கூட்டத்தில் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

மகனுக்கு இப்போது ஊசி வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்து அதுதான் தோன்றும். ஐந்து வயதைக் கடந்த நலமான பிள்ளைக்கு வழக்கமாகத் தேவையில்லை. பிறவி இதயக் கோளாறு, மண்ணீரல் இல்லாமை, சிறுநீரகத்தில் புரதம் ஒழுகும் நோய் போன்றவை இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள். ஒருமுறை நிமோனியா வந்து மீண்ட மாமனாருக்குத்தான் முதியோருக்கான நிமோகாக்கல் ஊசி பற்றி விசாரிக்க வேண்டும். அது அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைப்பதில்லை என்பதால், எந்த ஊசி, எத்தனை தவணை, என்ன செலவு என்று அவரைப் பார்த்த மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மகளுக்குச் சளி பிடிக்கும்போது மூக்கில் என்ன கிருமி என்று யோசிக்காமல் அவள் மூச்சை எண்ணுங்கள். அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கைக்கடிகாரத்தையோ கைப்பேசியையோ பார்த்து ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. அவள் வயதில் நிமிடத்துக்கு 40-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ, குடிக்க மறுத்துத் துவண்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அந்த நேரமே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.